தாமதிக்கத் தெரிந்த புரதம்



அறிவியல் பொருள் ஒன்றைப் பிற துறையினருக்கும் விளங்கும்படி தமிழில் பேச வேண்டும் என்பது நீங்கள் எனக்கு இட்ட பணி. பரந்த பொருளாகத் தேர்ந்து மேலோட்டமாகப் பேசுவதைவிட, ஒரே ஒரு புரதத்தை எடுத்துக்கொண்டு அதனோடு முழு நேரத்தையும் செலவிட எண்ணினேன். அதன் பெயர் லாட். நம் இரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் உலவும் டி செல்களின் சவ்வில் பதிந்திருக்கிறது. டி செல்லைத் தூண்டும் இணைப்பி என்பது அந்தப் பெயரின் விரிவு. அது நொதி அன்று. எதையும் வெட்டாது, ஒட்டாது, எரிக்காது. ஆனால் அது இல்லாத எலிக்கு டி செல்களே உருவாவதில்லை. அதில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினால் அந்த எலியின் டி செல்கள் சொந்த உடலையே அழிக்கின்றன.

கொரோனா ஆண்டுகளில் நாம் எல்லோரும் ஒரு பேச்சுக்குப் பழகினோம்: எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது, அதைக் கூட்ட வேண்டும். வீட்டிலும் கடையிலும் விளம்பரத்திலும் இதே பேச்சு. எதிர்ப்பு சக்தி என்பது ஓர் அளவு, கூடினால் நன்மை, குறைந்தால் தீமை என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. லாட் புரதத்தின் வரலாறு இந்த எண்ணத்தை மறுக்கிறது. எப்படி என்று காட்டுவதே இன்றைய உரையின் நோக்கம்.

முதலில் டி செல்லின் நிலைமையைச் சொல்ல வேண்டும். நம் உடலின் செல்கள் தமக்குள் இருக்கும் புரதங்களைத் துண்டுகளாக்கி வெளிப்பரப்பில் காட்டிக்கொண்டே இருக்கின்றன. டி செல் ஒவ்வொரு செல்லாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போகிறது. அது காணும் துண்டுகளில் ஏறக்குறைய அனைத்தும் நம்முடையவை. வைரஸ் புகுந்த செல்லிலும் அந்நியத் துண்டுகள் மிகச் சிலவே இருக்கலாம். அந்தச் சிலவற்றைத் தவறவிடக் கூடாது. நம்முடைய ஆயிரமாயிரம் துண்டுகளில் ஒன்றைக்கூடப் பகையென்று கருதவும் கூடாது. இரண்டு பிழைகளுமே உயிரை வாங்கும். தீர்ப்புக்குக் கிடைக்கும் அவகாசமோ சில நொடிகள், போனால் சில நிமிடங்கள்.

டி செல் தொட்டுப் பார்ப்பது தன் பரப்பில் உள்ள ஏற்பியால். அந்த ஏற்பியின் மரபணுவை 1984இல் கனடாவின் டொரண்டோவில் டாக் மாக் குழுவும் அமெரிக்காவில் மார்க் டேவிஸ் குழுவும் கண்டறிந்தன. ஏற்பி தூண்டப்பட்டதும் முதலில் செயல்படும் நொதி எல்சிகே. அது ஏற்பியின் உள்வாலில் இருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மீது பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது நொதி வந்து அமர்கிறது. அதற்கு ஜாப்-70 என்று பெயர். 1992இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆர்தர் வைஸ் ஆய்வகம் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தது. இதற்குப் பின் செல்லுக்குள் கால்சியம் உயர்வதும், மரபணுக்கள் விழிப்பதும், செல் பெருகுவதும் தெரிந்தவைதான். ஜாப்-70இலிருந்து கால்சியத்துக்குப் போகும் வழிதான் தெரியவில்லை.

இத்தனைக்கும் அந்த வழியில் நின்ற புரதம் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டேதான் இருந்தது. இது எப்படி என்று விளக்க ஒரு சிறு கிளைக்கதை தேவை. டைரோசினில் பாஸ்பேட் ஏறும் என்பதே 1979வரை எவருக்கும் தெரியாது. கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் டோனி ஹண்டர் அப்போது செய்துகொண்டிருந்த பிரிப்பு ஆய்வில் பழைய கரைசல் ஒன்றைப் பயன்படுத்தினார். நாள்பட்டதால் அதன் அமிலத்தன்மை மாறியிருந்தது. புதிய கரைசலில் ஒன்றாகவே நகரும் இரண்டு புள்ளிகள் அதில் தனித்தனியே பிரிந்தன. புதிதாகத் தெரிந்த புள்ளிதான் பாஸ்பேட் ஏறிய டைரோசின். அதை மட்டும் இனங்காணும் எதிர்ப்பொருள்கள் பின்னர் உருவாயின. தூண்டப்பட்ட டி செல்களின் புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டு அந்த எதிர்ப்பொருளால் சாயமேற்றினால் வரிசையாகப் பட்டைகள் தெரியும். அவற்றுள் மிக அழுத்தமானது 36 முதல் 38 கிலோடால்டன் வரையான இடத்தில் விழுந்தது. ஏற்பியைத் தூண்டிய சில நொடிகளிலேயே தோன்றிவிடும்.

பல ஆண்டுகள் அந்தப் பட்டைக்கு வேறு பெயர் இல்லை. எடையைக் கொண்டே பிபி36 என்று அழைத்தார்கள். அது சவ்வோடு ஒட்டியிருக்கிறது, கிராப்-2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பவை 1994இல் லண்டனில் ஜூலியன் டவுன்வர்டும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில் தெரியவந்தன. ஆனால் அது எந்தப் புரதம்? எந்த மரபணுவின் விளைவு? விடை 1998 ஜனவரியில் செல் இதழில் வந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் லாரன்ஸ் சாமல்சன் ஆய்வகத்தைச் சேர்ந்த வெய்குவோ ஜாங் அதைத் தூய்மைப்படுத்தி, அதன் அமினோ அமில வரிசையின் சில துண்டுகளைப் படித்து, அவற்றைக் கொண்டு மரபணுவை எட்டினார். அதே ஆண்டில் மற்றொரு குழுவும் தனி வழியில் இதே மரபணுவைப் பிரித்தெடுத்தது.

இந்தத் துறையின் அடிப்படை உண்மைகளில் பெரும் பகுதி ஜுர்காட் என்ற செல் வரிசையிலிருந்து வந்தது என்பதை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. 1970களின் பிற்பாதியில், இரத்தப் புற்றுநோய் கண்ட 14 வயதுச் சிறுவன் ஒருவனின் இரத்தத்திலிருந்து அது வளர்க்கப்பட்டது. உலகெங்கும் ஆய்வகக் குடுவைகளில் இன்றும் பெருகிக்கொண்டிருக்கிறது. நம் பாடநூல்களில் டி செல் பற்றி எழுதியிருக்கும் ஒவ்வொரு பக்கமும் அந்தச் சிறுவனுக்குக் கடன்பட்டிருக்கிறது.

சரி, கிடைத்த புரதம் எப்படி இருந்தது? மனித லாட் 233 அமினோ அமிலங்கள் கொண்டது. கணக்குப்படி அதன் எடை 25 கிலோடால்டனை ஒட்டித்தான் வர வேண்டும். எதிர்மின்னூட்டம் மிகுந்திருப்பதால் ஜெல்லில் மெதுவாக நகர்ந்து, உள்ளதைவிடப் பெரியதாகத் தன்னைக் காட்டிக்கொண்டது. செல்லுக்கு வெளியே நீட்டியிருப்பது நான்கே அமினோ அமிலங்கள். ஆகவே வெளியிலிருந்து வரும் எதையும் அது பிடிப்பதில்லை. பிறகு சவ்வைக் கடக்கும் சிறு பகுதி. எஞ்சியது முழுவதும் செல்லின் உள்ளே தொங்கும் நீண்ட வால். 26, 29 ஆகிய இடங்களில் உள்ள சிஸ்டீன்களில் கொழுப்பு அமிலம் சேர்ந்து அதைச் சவ்வோடு இறுக்குகிறது. வாலில் மனிதனுக்கும் எலிக்கும் பொதுவான ஒன்பது டைரோசின்கள். நொதிக்குரிய அமைப்பு எதுவும் இல்லை.

அந்த டைரோசின்களில் கடைசி நான்கு முக்கியமானவை. மனிதனில் அவை 132, 171, 191, 226 என்ற இடங்களில் உள்ளன. ஜாப்-70 அவற்றின் மீது பாஸ்பேட்டை ஏற்றியதும் செல்லின் உட்குழம்பில் உலவிக்கொண்டிருந்த புரதங்கள் வந்து பற்றிக்கொள்கின்றன. 132இல் பிஎல்சி-காமா1 என்ற நொதி. மற்ற மூன்றில் கிராப்-2; அது தன்னுடன் சாஸ் என்ற புரதத்தை அழைத்து வருகிறது. 171, 191 இரண்டிலும் காட்ஸ் என்ற இன்னோர் இணைப்பியும் வந்து பற்ற முடியும். அதன் கைப்பிடியில் ஸ்லிப்-76 என்ற புரதம். கல்யாண வீட்டுப் பந்தல்கால் சமைப்பதில்லை, பரிமாறுவதில்லை, தாலி கட்டுவதில்லை. அதை ஊன்றாமல் எதுவும் தொடங்குவதும் இல்லை. லாட் அப்படிப்பட்டது. தனித்தனியே அலைந்தவர்கள் அதன் அடியில் ஒருவரையொருவர் சந்திக்கிறார்கள்.

சந்தித்தபின் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிஎல்சி-காமா1 சவ்வின் கொழுப்பு மூலக்கூறு ஒன்றை இரண்டாக வெட்டுகிறது. ஒரு பாதி செல்லுக்குள் உள்ள கால்சியச் சேமிப்பைத் திறக்கிறது. மறு பாதி சவ்விலேயே தங்கி ராஸ் என்ற புரதத்தின் வழியைத் தூண்டுகிறது. உயர்ந்த கால்சியம் கால்சினியூரின் என்ற நொதியை எழுப்ப, மரபணுக்கள் விழிக்கின்றன. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் சைக்ளோஸ்போரின் மாத்திரை எடுப்பதை அறிந்திருப்பீர்கள். அந்த மருந்து தடுப்பது இந்தக் கால்சினியூரினைத்தான். லாட்டுக்குக் கீழே, அதே வழியில், சில படி தள்ளி.

சவ்வில் கொழுப்புச் செறிந்த திட்டுகள் உண்டு, லாட் அவற்றில் மிதப்பதால்தான் வேலை செய்கிறது என்ற கருத்து 1998க்குப் பின் சில ஆண்டுகள் செல்வாக்கோடு இருந்தது. 2005இல் வெய்குவோ ஜாங்கின் சொந்த ஆய்வகமே, அந்தத் திட்டுகளுக்குப் போகாத வடிவில் லாட்டை அமைத்து, அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது என்று காட்டியது. தாம் வளர்த்த கருத்தைத் தாமே சோதித்து விலக்கிய இந்தச் செயலை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி இந்த உரையின் மையத்துக்கு வருகிறேன். லாட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு விடை விரைவில் கிடைத்தது. லாட் இல்லாத ஜுர்காட் செல்களில் ஏற்பியைத் தூண்டினால் ஜாப்-70 எழுகிறது. அதற்கு மேல் கால்சியமும் இல்லை, ராஸும் இல்லை. லாட்டைத் திருப்பிக் கொடுத்தால் எல்லாம் மீள்கிறது. 1999இல் லாட் நீக்கப்பட்ட எலிகளில் பி செல்கள் வழக்கம்போல் இருந்தன. டி செல்களோ தைமஸ் சுரப்பியில் தொடக்க நிலையிலேயே நின்றுபோயின. இதுவரை எதிர்பார்த்ததுதான்.

அடுத்த ஆய்வு எதிர்பாராதது. முழுப் புரதத்தையும் விட்டுவிட்டு, பிஎல்சி-காமா1 பற்றும் அந்த ஒரு டைரோசினை மட்டும் மாற்றினால்? எலியில் அதன் எண் 136. அதை ஃபீனைல்அலனினாக மாற்றினார்கள். பாஸ்பேட் ஏற இடம் இல்லாமல் போனது. வித்தியாசம் ஓர் ஆக்சிஜன் அணு, அவ்வளவே. கால்சியம் உயர்வது பெரிதும் குன்றும், ஆகவே எலி எதிர்ப்பு குன்றிப் பிழைக்கும் என்றுதான் எவரும் கணித்திருப்பார். 2002இல் சயன்ஸ் இதழில் இரண்டு கட்டுரைகள் ஒன்றாக வந்தன. ஒன்று சாமல்சனும் பால் லவ்வும் சேர்ந்த அமெரிக்கக் குழுவினுடையது. மற்றது பிரான்சின் மார்சேயில் பெர்னார் மாலிசன், மரி மாலிசன் குழுவினுடையது. இரண்டும் ஒரே காட்சியை விவரித்தன. டி செல்கள் முதலில் குறைவாகவே உருவாகின்றன. ஆனால் சில வாரங்களில் நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கிப் பெருக்கின்றன. ஒவ்வாமையைத் தூண்டும் வகை டி செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, ஐஜிஇ எதிர்ப்பொருள் பன்மடங்கு ஏறி, உள்ளுறுப்புகளுக்குள் செல்கள் புகுந்து எலி நலிகிறது.

குறைந்த சமிக்ஞை எப்படி மிகுந்த நோயைத் தந்தது? இதற்கு ஒரே வரியில் விடை இல்லை. தைமஸில், நம் துண்டுகளை வலுவாகப் பற்றும் டி செல்கள் அழிக்கப்பட வேண்டும். அழி என்ற ஆணைக்கும் இதே சமிக்ஞைதான் தேவை. மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்றொரு வகை உண்டு. அவை உருவாகவும் இதே சமிக்ஞை வேண்டும். அந்த எலிகளில் அவை இல்லை என்பது 2006இல் தெரிந்தது. மாலிசன் குழு 2009இல் இன்னும் ஒரு படி சென்றது. முதிர்ந்த டி செல்லிலிருந்து லாட்டை நீக்கினாலும் அதேபோன்ற கட்டற்ற பெருக்கம் வருகிறது. அந்தச் செல்கள் ஏற்பியின் கட்டளைக்கே காத்திராமல் நோயை உண்டாக்குகின்றன. ஆக, தூண்டுவதற்கென்று நாம் கண்டுபிடித்த புரதம் அடக்குவதற்கும் பொறுப்பு வகிக்கிறது. எதிர்ப்பு சக்தி கூடியதா, குறைந்ததா என்று அந்த எலியைப் பார்த்துக் கேட்டால் கேள்வியே பொருந்தவில்லை. பழுதுபட்டது பாகுபடுத்தும் திறன்.

பாகுபடுத்தும் திறன் எங்கே இருக்கிறது என்ற கேள்வி என்னை இந்தப் புரதத்தோடு கட்டிப்போட்டது. நம் துண்டும் அந்நியத் துண்டும் ஏற்பியில் பொருந்தும் வகையில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபடுவது பிடித்திருக்கும் நேரம். அந்நியத் துண்டு பல நொடிகள் தங்கும். நம்முடையது பெரும்பாலும் ஒரு நொடிக்குள் விட்டுவிடும். நேரத்தை அளப்பது எப்படி? புரதம் உருவாகும்போது பிழைகள் இவ்வளவு குறைவாக நிகழ்வது எதனால் என்பதை விளக்க 1974இல் ஜான் ஹாப்ஃபீல்டு ஒரு கருத்தை முன்வைத்தார். 2024இல் இயற்பியல் நோபல் பெற்றவர் அவரேதான், வேறு பணிக்காக. முடிவுக்கு முன் சில மெதுவான படிகளை வைத்துவிட்டால், பிடி தளர்ந்தவை அந்தப் படிகளைக் கடக்கும் முன்பே உதிர்ந்துவிடும் என்பதே கருத்து. 1995இல் திமோதி மெக்கீதன் இதை டி செல் ஏற்பிக்குப் பொருத்திக் காட்டினார். கணக்கு அழகாக இருந்தது. அந்த மெதுவான படி செல்லுக்குள் எந்த மூலக்கூறில் இருக்கிறது என்பதைத்தான் எவராலும் சுட்ட முடியவில்லை.

2019இல் வைஸ் ஆய்வகத்தில் வான்-லின் லோ அதைச் சுட்டினார். டைரோசினுக்கு முன்னால் எதிர்மின்னூட்டம் கொண்ட அமினோ அமிலம் இருந்தால் ஜாப்-70 விரைந்து வேலை செய்யும். லாட்டின் 132ஆம் டைரோசினுக்கு முன்னால், 131இல் இருப்பது மின்னூட்டமே இல்லாத கிளைசின். அதனால் அந்த ஓர் இடத்தில் மட்டும் பாஸ்பேட் ஏறுவது மெதுவாகிறது. கால்சியத்தின் கதவைத் திறக்கும் அதே இடத்தில்! கிளைசினை எடுத்துவிட்டு அஸ்பார்டிக் அமிலத்தை வைத்தார்கள். வேகம் கூடியது. கூடவே அந்த டி செல்கள் வலுவற்ற துண்டுகளுக்கும், நம் சொந்தத் துண்டுகளுக்கும்கூட எதிர்வினை காட்டத் தொடங்கின. குறையென்று தோன்றும் மந்தம் ஒரு பாதுகாப்பு. தன்னையும் பிறரையும் பிரித்தறியும் ஆற்றலில் ஒரு பங்கு, சிறிய, மின்னூட்டமற்ற ஒரு கிளைசினில் இருக்கிறது. இதைப் படித்த நாளில் எனக்கு உண்டான வியப்பு இன்றும் குறையவில்லை.

இதோடு இணைந்த இன்னொரு கண்டுபிடிப்பு உண்டு. பாஸ்பேட் ஏறிய லாட் மூலக்கூறுகள் கிராப்-2, சாஸ் ஆகியவற்றால் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு, சவ்வில் திரவத் துளிபோன்ற திரள்களாக ஒதுங்குகின்றன. ரொனால்ட் வேல், மைக்கேல் ரோசன் குழுக்கள் 2016இல் செயற்கைச் சவ்வில் இதைத் தனிப் புரதங்களைக் கொண்டே உருவாக்கிக் காட்டின. திரளுக்குள் சாஸ் தங்கும் நேரம் நீள்கிறது. நீண்டால்தான் அது ராஸை எழுப்ப முடியும். பெர்க்லியில் ஜே குரோவ்ஸ் ஆய்வகம் 2022இல் உயிருள்ள செல்களில் ஒவ்வொரு பிணைப்பையும் தனித்தனியே பார்த்தது. ஒரே ஒரு துண்டு ஒரே ஓர் ஏற்பியைப் பற்றினால் போதும், ஒரு லாட் திரள் உருவாகலாம். உடனே உருவாவதில்லை, கணிசமான தாமதத்துக்குப் பின் திடீரென்று தோன்றுகிறது. பிணைப்பு நீடிக்க நீடிக்கத் திரள் தோன்றும் வாய்ப்புக் கூடுகிறது. ஆனால் தோன்றிய திரளின் அளவோ ஆயுளோ பிணைப்பின் நீளத்தைப் பொறுத்ததாக இல்லை. கிளைசினை மாற்றிய லாட்டில் அந்தத் தாமதம் சுருங்கிவிடுகிறது.

ஆய்வகத்திலிருந்து மருத்துவமனைக்கு வருவோம். லாட் பழுதுபட்டுப் பிறந்த குழந்தைகளைப் பற்றிய முதல் அறிக்கை 2016இல் வந்தது. ஒரே குடும்பத்து உடன்பிறப்புகள். தொற்றுகள் மீண்டும் மீண்டும் வந்தன. அதே உடலில் நிணநீர்க் கணுக்கள் வீங்கின, தன்னெதிர்ப்பு நோயும் கண்டது. எலியில் பார்த்த முரண்பாடு மனிதனில் நேராகவே தெரிந்தது. அடுத்த ஆண்டு இன்னொரு குழு விவரித்த குழந்தைகளில் கடுமையான கூட்டு எதிர்ப்புக் குறைபாடு இருந்தது. ஒரே மரபணு, இரு வேறு தோற்றங்கள். இத்தகையோருக்கு நிலையான தீர்வு தரக்கூடியது குருதி மூலச்செல் மாற்று.

தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதான படியே வந்தால்தான் இந்நோய் தோன்றும். அத்தை மகள், மாமன் மகன் என்று உறவுக்குள் மணம் செய்யும் வழக்கம் நம்மிடையே இன்றும் இருப்பதால், லாட் என்றில்லை, இவ்வகைக் குறைபாடுகள் அனைத்தையும் நம் குழந்தை மருத்துவர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும். பிறந்த சில மாதங்களுக்குள் திரும்பத் திரும்ப நிமோனியா, நாக்கில் மாறாத பூஞ்சை, எடை ஏறாமை, குடும்பத்தில் முன்பே காரணம் தெரியாமல் கைக்குழந்தை இறந்திருப்பது: இவற்றைக் கண்டால் எளிய இரத்த எண்ணிக்கையில் லிம்போசைட் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பிசிஜி உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி. டி செல் இல்லாத குழந்தையின் உடலில் அது பரவிவிடும். அதனால் இத்தகைய குழந்தையை இழந்த குடும்பத்தில் அடுத்த குழந்தைக்கு ஊசி போடும் முன் பரிசோதனை அவசியம். இது மரணத்துக்கும் வாழ்வுக்கும் இடையிலான செய்தி என்பதால் மேடையில் சொல்கிறேன்.

இறுதியாகப் புற்றுநோய். நோயாளியின் டி செல்லையே எடுத்து, செயற்கை ஏற்பி பொருத்தித் திருப்பிச் செலுத்தும் கார்-டி சிகிச்சைக்கு 2017இல் அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபரில் இந்திய அரசின் அனுமதி கிடைத்தது. இந்தச் செயற்கை ஏற்பிகளுக்கு ஒரு குறை உண்டு. இயற்கை ஏற்பிக்குச் சில துண்டுகள் போதும் என்ற இடத்தில் இவற்றுக்கு மிகப் பல இலக்குகள் வேண்டும். இலக்கைக் குறைத்துக்கொண்ட புற்றுச் செல் தப்பிவிடுகிறது, நோய் திரும்புகிறது. காரணங்களில் ஒன்று, செயற்கை ஏற்பி லாட்டைச் சரிவர எழுப்புவதில்லை என்பது. ஆகவே லாட்டை நேரடியாக எழுப்பும் இரண்டாவது ஏற்பியைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். விரைவு கூட்டிய லாட்டைப் பொருத்துவதும் மனத்தில் எழக்கூடிய வழிதான். ஆனால் அந்தக் கிளைசினை எடுத்தவுடன் டி செல் எதையெல்லாம் தாக்கத் தொடங்கியது என்பதைச் சற்றுமுன் கேட்டீர்கள். புற்றுச் செல்லும் நம் செல்தான். எந்த அளவு விரைவு நோயை மட்டும் தாக்கும், எந்த அளவில் ஈரலையும் நுரையீரலையும் சேர்த்துத் தாக்கும் என்பதை ஒவ்வொரு இலக்குக்கும் தனித்தனியே அளந்துதான் அறிய முடியும். அந்த அளவீட்டை மேற்கொள்ள இந்த அரங்கிலிருந்து சிலராவது வர வேண்டும்.